பதினான்கு விநாடிக்கு ஒரு துள்ளல்

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் நம் பெண்ணும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற முறை வந்திருந்தபோது தாங்கள் அன்போடு கொடுத்துவிட்டுப் போன வாலில்லாத மவுஸ் என் மேஜையின் மேலேயே இருக்கிறது. அது இல்லாமல் ஒரு நாள்கூட என் வேலை ஓடுவதில்லை. கொடுத்த பொருளை மதிக்கத் தெரியாத மனுஷன் என்று நாளைக்கு யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். மரியாதைக்காக எழுத வேண்டியது இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குக் கோபம் வந்திருக்கிறது. கொஞ்சநஞ்சக் கோபம் இல்லை, மூன்று வாரமாகச் சேர்த்து வைத்த கோபம். மாப்பிள்ளையிடம் கோபப்படுவது முறையில்லை என்று உங்கள் அத்தை காலையிலிருந்து நான்கு தடவை சொல்லிவிட்டாள். கடைசியில், "சரி, எழுதறதை எழுதுங்க. ஆனா மரியாதை குறையாம எழுதுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். ஆகவே இந்தக் கடிதத்தில் எங்கெல்லாம் 'தாங்கள்' என்று வருகிறதோ, அங்கெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறேன் என்று தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் இந்தக் கையெழுத்தைப் பாருங்கள். மின்னஞ்சல் அனுப்பாமல் வேலை மெனக்கெட்டுக் கையால் எழுதுவது இதற்காகத்தான். கோடு போடாத வெள்ளைத் தாள். அடியில் கோடு போட்ட தாள் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. எந்த வரியாவது மேலே ஏறுகிறதா, கீழே சரிகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வேண்டுமானால் பூதக்கண்ணாடி வைத்தும் பாருங்கள். கட்டடப் பிரிவு அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த கை இது. ஒரு பாலத்தின் படத்தில் மூன்றடி நீளக் கோட்டை, மை பேனாவால், மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் இழுத்த கை. அன்றைக்குத் தலைமைப் பொறியாளர் தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கையைப் பற்றித்தான் தாங்கள் சென்ற வாரம் போனில் கேட்டீர்கள்: "மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க கை கொஞ்சம் நடுங்குதோ?"

தப்பாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

எதனால் இந்தக் கேள்வி வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தங்கள் வீட்டு மாடியில் எனக்கும் உங்கள் அத்தைக்குமாக இரண்டு அறை கட்டப் போவதாக நீங்களும் நம் பெண்ணும் சொன்னீர்கள். அதற்கு பிளான் வரைய வெளியாள் வேண்டாம், நானே வரைகிறேன் என்றேன். நான் குடியிருக்கப் போகும் அறையை இன்னொருவன் வரைந்து நான் அதில் போய்ப் படுப்பதா? எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, தாங்கள் வந்து என் கம்ப்யூட்டரைப் பார்க்கும் வரை. "மாமா, இது ரொம்பப் பழசு. இதுல லினக்ஸ்னு வேற சிஸ்டம் போட்டுத் தர்றேன். வைரஸ் வராது, காசு கிடையாது, கம்ப்யூட்டர் பறக்கும்" என்றீர்கள். ஒரு மத்தியானம் பூராவும் என் நாற்காலியில் உட்கார்ந்து, இருந்ததை அழித்துவிட்டு, புதியதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டீர்கள். தாங்கள் சொன்னது பொய்யில்லை. பறக்கத்தான் செய்கிறது. கம்ப்யூட்டர் இல்லை, திரையில் இருக்கிற அம்புக்குறி.

எப்படி என்று கேளுங்கள். அறைச் சுவருக்கு ஒரு கோடு போட வேண்டுமென்று அம்புக்குறியை ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்துகிறேன். நிற்கிறது. சமர்த்தாக நிற்கிறது. பிடித்து இழுக்கத் தொடங்குகிறேன், பாதி வழியில் யாரோ முழங்கையைத் தட்டிவிட்ட மாதிரி ஒரு துள்ளு. நான் போட்ட சுவர் கோணிக்கொண்டு போய்ச் சமையலறைத் தொட்டிக்குள் இறங்குகிறது. அதை அழித்துவிட்டு மறுபடி இழுத்தால் மறுபடி துள்ளு. கையை மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். சரியாகப் பதினான்கு விநாடிக்கு ஒரு முறை. சில நேரம் லேசாக, சில நேரம் ஓரடிக்கு. கையை மடியில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை! மடியில்! மவுஸைத் தொடவே இல்லை! இதை நம் பெண்ணிடம் சொன்னால், "தொடலைன்னு நீங்க நெனச்சிட்டிருப்பீங்கப்பா" என்கிறாள். என் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதாம்.

தாங்கள் போனில் சொன்ன வைத்தியம் ஒன்று விடாமல் செய்தேன். அடியில் இருக்கிற கண்ணாடித் துளையைத் துடையுங்கள் என்றீர்கள். மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்தேன். மேஜை பளபளப்பாக இருந்தால் அதற்குக் கண் கூசும், அடியில் தாள் போடுங்கள் என்றீர்கள். போட்டேன். வேகத்தைக் குறையுங்கள் என்றீர்கள். குறைத்தேன். அதன் பிறகு அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அம்புக்குறியைக் கொண்டுபோவதற்குள் எனக்குத் தோள் வலி வந்துவிட்டது, ஆனால் துள்ளும்போது மட்டும் பழைய வேகத்தில்தான் துள்ளியது. புது பேட்டரி போட்டுப் பாருங்கள் என்றீர்கள். போட்டேன். சத்தியமாகப் போட்டேன், தங்களிடம் பொய் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்து. புது பேட்டரி போட்ட நாளிலிருந்து துள்ளல் முன்னைவிடச் சுறுசுறுப்பாகிவிட்டது. பிறகு, சும்மா சோதனைக்காகத்தான், என்னுடைய பழைய வயர் மவுஸை எடுத்துக் கம்ப்யூட்டர் பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு ஓட்டையிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன். முதுகுப் பக்கத்தில் ஒரு ஓட்டையில் மட்டும் விரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு அடைத்துக்கொண்டிருந்தது. தூசி போகாமல் இருக்க மூடி போலிருக்கிறது என்று அதை மட்டும் தொடாமல் விட்டேன். நான் எதையும் தேவையில்லாமல் பிடுங்குகிற ஆள் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும்.

அதோடு விட்டீர்களா? கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறக்கச் சொன்னீர்கள். திறந்தேன். "எக்ஸ்இன்புட் லிஸ்ட்னு அடிங்க மாமா" என்றீர்கள். அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது. மறுபடி அடித்தேன். கிடையாது என்றது. "நடுவுல ஒரு இடம் விட்டீங்களா?" என்று கேட்டீர்கள். விடவில்லை. அதை முதலிலேயே சொல்லக் கூடாதா? என் மேலதிகாரிகள்கூட என்னிடம் அப்படி முகத்தில் அடித்த மாதிரி 'கிடையாது' என்று பேசினதில்லை. இடம் விட்டு அடித்த பிறகு ஒரு பட்டியல் வந்தது. அதில் மவுஸ் என்று இரண்டு இருந்தது. ஒன்பதாம் நம்பரில் ஒன்று, பதினொன்றாம் நம்பரில் ஒன்று. ஒன்றை வைத்துக்கொண்டே படாத பாடு படுகிறேன், இரண்டாவது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "ஒண்ணு சும்மா இருக்கும் மாமா. எது வேண்டாமோ அந்த நம்பரைப் போட்டு நிறுத்திடுங்க" என்றீர்கள். மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களே, இரண்டில் எது வேண்டாதது என்று எனக்கு எப்படித் தெரியும்? முதலில் இருப்பவர் மூத்தவர், அவருக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று ஒன்பதை நிறுத்தினேன். அடுத்த நொடியிலிருந்து என் கையில் இருந்த மவுஸ் செத்துப்போய்விட்டது. தேய்த்தேன், தட்டினேன், அசையவில்லை. ஆனால் அம்புக்குறி இருக்கிறதே, அது மட்டும் பதினான்கு விநாடிக்கு ஒரு முறை தன் பாட்டுக்குத் துள்ளிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தபோது வந்த கோபத்தில், பக்கத்தில் தாங்கள் இல்லாதது தங்கள் பாக்கியம். அணைத்துப் போட்ட பிறகுதான் மவுஸுக்கு உயிர் வந்தது.

உலகத்து நிபுணர்கள் எல்லோரும் உட்கார்ந்து பதில் சொல்கிற ஒரு மன்றம் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்று ஒரு விலாசம் அனுப்பினீர்கள் அல்லவா, அங்கேயும் போனேன். பணிவாகத்தான் கேட்டேன். முதலில் வந்தவர் எந்த வகை, எந்தப் பதிப்பு, எந்த டெஸ்க்டாப் என்று குறுக்கு விசாரணை நடத்தினார். இரண்டாவது வந்தவர், ஒழுங்காக வேலை தெரிந்தவனுக்கு மவுஸே தேவையில்லை, எல்லாவற்றையும் கீபோர்டிலேயே செய்யலாம் என்றார். நான் வீடு வரைகிறேன் ஐயா, கீபோர்டில் எப்படிச் சுவர் எழுப்புவது என்று கேட்டேன். அதற்குள் மூன்றாவது ஒருவர் வந்து இரண்டாமவரை ஏதோ சொல்ல, அவர் இவரைச் சொல்ல, இருவரும் பதினேழு பதில் வரைக்கும் திட்டிக்கொண்டார்கள். என் மவுஸ் அதில் எங்கேயும் வரவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் வந்து, இது ஏற்கனவே கேட்கப்பட்ட கேள்வி என்று சொல்லி மொத்தத்தையும் பூட்டிவிட்டுப் போய்விட்டார். ஏற்கனவே கேட்கப்பட்டதாம். யார் கேட்டார்கள்? அவன் மாப்பிள்ளையும் இப்படித்தானா?

அந்த மன்றத்திலும் மற்ற இடங்களிலும் கிடைத்த வைத்தியத்தை எல்லாம் அச்செடுத்து, மேஜையின் ஓரத்தில் ஏற்கனவே இருந்த அளவுக் குறிப்புத் தாள்களின் மேலேயே அடுக்கி வைத்திருக்கிறேன். இன்றைய கணக்குக்கு எழுபது தாள் தாண்டிவிட்டது. பக்கத்து ஸ்டூலில் இருக்கிற மின்விசிறி திரும்பும்போதெல்லாம் கட்டு படபடக்கிறது. கனமாக ஒன்றை மேலே வைத்திருப்பதால் பறக்காமல் கிடக்கிறது. தாள் ஏற ஏற நோயும் ஏறுகிறது என்பதுதான் நான் கண்டது.

என் பேச்சை யாரும் நம்பவில்லை என்றால் கண்ணாலாவது பார்க்கட்டும் என்று உங்கள் அத்தையைக் கூப்பிட்டேன். அவளுக்குக் காற்று முகத்தில் பட்டால் தும்மல் வரும். வந்ததும் மின்விசிறியை நிறுத்தினாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், "எங்க, காட்டுங்க" என்றாள். காட்டினேன். அம்புக்குறி ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. ஐந்து நிமிஷம் நின்றாள். "நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் போய், நான் மறுபடி விசிறியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், துள்ளு! அவளே உட்கார்ந்து செய்தி படிக்கிறாள், தங்கைக்குக் கடிதம் அடிக்கிறாள், ஒரு தடவைகூடத் துள்ளினதில்லை. சரி, வீடியோ எடுத்து அனுப்புகிறேன் என்று போனை அந்தத் தாள்கட்டின் மேல் சாய்த்து வைத்து எடுத்தேன். ஏழு நிமிஷம். ஏழு நிமிஷமும் அசையாத அம்புக்குறி. அதைத்தான் தங்களுக்கு அனுப்பினேன். தாங்கள் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினீர்கள். அந்தக் கட்டைவிரலை நான் மறக்கவில்லை.

காசு கொடுத்து ஆளை வரவழைத்தேன். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர். மூன்று மாடி ஏறி வந்ததில் வியர்த்து விறுவிறுத்துப்போயிருந்தார். விசிறியின் கொண்டையை அழுத்தி அது திரும்பாமல் தன் முகத்துக்கே காற்று வருகிற மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம். ஒரு துள்ளு இல்லை. மவுஸைச் சுற்றினார், வட்டம் போட்டார், சதுரம் போட்டார், ஒரு பூகூட வரைந்தார். "சார், மிஷின்ல ஒரு குத்தமும் இல்ல" என்று சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். அவர் படி இறங்கி ஓய்வதற்குள் இங்கே ஆரம்பித்துவிட்டது. ஆக, இந்த சிஸ்டத்துக்கு ஆள் பார்த்து மரியாதை கொடுக்கத் தெரிகிறது. ரிப்பேர்காரர் என்றால் கைகட்டி நிற்கிறது. உங்கள் அத்தை என்றால் அடங்கி ஒடுங்கிக் கிடக்கிறது. அது ஒன்றில் மட்டும் நானும் அதுவும் ஒரு கட்சி. என்னைக் கண்டால்தான் ஏளனம்.

(இதை எழுதும்போது நிமிர்ந்து பார்த்தேன். எதிரே திரை எரிந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போதும் துள்ளியது.)

இப்படிப்பட்ட நிலைமையில்தான் பிளானை முடித்து, தங்கள் ஊர்ப் பொறியாளருக்கு அனுப்பினேன். அதில் குளியலறைக் கதவு எங்கேயிருந்தது என்று தங்களுக்குத் தெரியும். நான் வைத்த இடத்தில் இல்லை. தெருப்பக்கச் சுவரில் இருந்தது. முதல் மாடியில், கீழே ஒன்றும் இல்லாத இடத்தில். குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் நேரே தெருவில்தான் வந்து விழ வேண்டும். அந்தப் பொறியாளர் அதைச் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். பக்கத்தில் 'பாராசூட் யார் தருவது?' என்று எழுதியிருந்தார். முப்பத்தெட்டு வருடத்தில் என் படத்தின் மேல் யாரும் சிவப்பு மை வைத்ததில்லை, மாப்பிள்ளை.

ஆனாலும் பெருந்தன்மையாக அவருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அதற்கு முன்னால், என்னோடு வேலை பார்த்த நண்பருக்கு நான் அனுப்பியிருந்த பழைய கடிதத்தைத் திறந்து ஒரு வரியை மவுஸால் தடவிப் படித்துக்கொண்டிருந்தேன். 'அந்தப் பொறியாளருக்கு வடக்கு எது தெற்கு எது என்றே தெரியாது, வாசலில் நிறுத்திச் சுற்றிவிட்டால் வீட்டுக்குப் போகத் தெரியாது' என்கிற வரி. தடவினேன், அவ்வளவுதான். நகல் எடு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு மன்னிப்புக் கடிதத்துக்கு வந்து, கீழே இறக்குவதற்காகச் சக்கரத்தை உருட்டும்போது, கோபத்தில் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. அந்த வரி அப்படியே வந்து 'தங்கள் பணிவுள்ள' என்பதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். மானம் கப்பலேறிவிட்டது. இதைத் தங்களிடம் சொன்னால், "மாமா, அது இந்த சிஸ்டத்துல இருக்கிற வசதி. தடவினாலே காப்பி ஆயிடும், நடு பட்டனை அமுக்கினா ஒட்டிடும்" என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். வசதியாம்! யாருக்கு வசதி?

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நம் பெண் போன் செய்து உங்கள் அத்தையிடம் ரகசியமாகப் பேசி, என்னை நரம்பு டாக்டரிடம் அனுப்பி வைத்தாள். போனேன். அவர் என்னைக் கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், ஒரு தாளைக் கொடுத்துச் சுருள் வரையச் சொன்னார். நான் வரைந்த சுருளைப் பார்த்துவிட்டு, "காம்பஸ் எதுவும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அப்படி இருந்தது சுருள். நான் விடவில்லை, பதினான்கு விநாடிக்கு ஒரு முறை வருகிற விஷயத்தைச் சொன்னேன். "கடிகாரம் பாத்து வர்ற நடுக்கத்தை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. எதுக்கும் மூணு மாசம் கழிச்சு ஒரு தடவை வாங்க" என்றார். எதுக்கும் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள் நம் பெண். முந்தாநாள் போனில், "அப்பா, நீங்க இத்தனை வருஷம் வரைஞ்சது போதும். பிளானை அந்த எஞ்சினியரே போட்டுடட்டும். வர்ற திங்கட்கிழமை சொல்லிடறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள். நடுநடுவே மூக்கை வேறு உறிஞ்சினாள். அழுதாளோ என்னவோ. போனை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டேன்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். தாங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து, இந்த லினக்ஸைக் கையோடு கழற்றிக்கொண்டு போக வேண்டும். பழையது பழையபடி இருக்க வேண்டும். வைரஸ் வந்தாலும் பரவாயில்லை, அது என் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது, அந்தப் பொறியாளர் வரைந்த அறையில் நான் காலெடுத்து வைக்க மாட்டேன். உங்கள் அத்தை வேண்டுமானால் வந்து இருக்கட்டும், நான் இந்த மூன்றாவது மாடியிலேயே இருந்துகொள்கிறேன். மூன்றாவது, நடுங்குகிறது என்று சொன்ன வார்த்தையைத் தாங்கள் நேரில் வந்து, என் எதிரில் நின்று, திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இந்த மாமனாரைத் தாங்கள் மறந்துவிடலாம்.

நம் பெண்ணை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். தாங்களும் ஆபீஸில் நேரம் கெட்டு உட்கார வேண்டாம், கண் கெட்டுவிடும். கோபம் கோபமாக இருக்கட்டும், இருவரும் நன்றாக இருங்கள், நீண்ட நாள் இருங்கள் என்ற ஆசிகளுடன்,

தங்கள் மாமனார்
(கையெழுத்தை மறுபடியும் ஒரு முறை உற்றுப் பார்க்கவும்)

பின்குறிப்பு: மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஆனால் எதையும் கழற்ற வேண்டாம். மேலே எழுதியது எதுவும் செல்லாது.

எழுதி முடித்த ஆறு பக்கமும் மை காயட்டும், பறந்துவிடாமல் இருக்கட்டும் என்று, அந்தத் தாள்கட்டின் மேலிருந்த கனத்தை எடுத்தேன். எதிரே அம்புக்குறி திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. கீழே வைத்தேன், நின்றது. எடுத்தேன், ஓடியது. இப்படி ஐந்தாறு தடவை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, மடித்த துணியோடு உங்கள் அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அது அவர் குடுத்த மவுஸ் இல்ல? அதையா பேப்பர் மேல வெச்சிருக்கீங்க?" என்றாள்.

ஆமாம், அதைத்தான். தங்கள் பரிசு தினமும் வேலையில் இருக்கிறது என்று முதல் பக்கத்தில் எழுதியது பொய்யில்லை. என்ன வேலை என்று எழுதவில்லை, அவ்வளவுதான். வால் இல்லாத ஒன்றைப் பிடித்து என்னால் கோடு போட முடியாது, அதனால் நான் வரைந்ததெல்லாம் பழைய வயர் மவுஸில்தான். தாங்கள் பேட்டரி மாற்றச் சொன்னபோது உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் தாங்கள் கொடுத்ததிலேயே புது பேட்டரியைப் போட்டு, மறுபடி தாள்கட்டின் மேல் வைத்துவிட்டேன். விசிறி திரும்பும், தாள் படபடக்கும், அது ஆடும், அம்புக்குறி துள்ளும். விசிறி ஒரு சுற்றுப் போய் வரப் பதினான்கு விநாடி. இப்போது கடிகாரம் வைத்துப் பார்த்தேன். இரண்டு பொருளை இணைத்தால் நடுவில் ஒரு கோடு இருக்க வேண்டும், முப்பத்தெட்டு வருடம் அப்படித்தான் வரைந்திருக்கிறேன். வயர் இல்லை என்றால் இணைப்பும் இல்லை என்று நினைத்துவிட்டேன். முதுகுப் பக்கத்து ஓட்டையில் தாங்கள் அன்றைக்குச் செருகிவிட்டுப் போன அந்தக் கறுப்புத் துண்டு தூசி மூடி இல்லை, வாலில்லாத மவுஸைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிறதே அதுதான் என்று உங்கள் அத்தைதான் சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அவர் செருகும்போது சொன்னாரே, நீங்கதான் காதுல வாங்கல" என்கிறாள்.

துண்டைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தேன். விசிறி முழு வேகத்தில் ஓடியது. நாலு மணி நேரத்தில் பிளான் முழுவதையும் மறுபடி வரைந்துவிட்டேன். குளியலறைக் கதவு உள்ளேதான் திறக்கிறது. இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமைக்கு முன்னால் நம் பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள். பொறியாளருக்கும் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன், இந்தத் தடவை தாளில்.

இந்த ஆறு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். உங்கள் அத்தை பிடுங்கிக்கொண்டாள். அனுப்பித்தான் ஆக வேண்டுமாம்.

ஒன்று மட்டும், மாப்பிள்ளை. இந்த மூன்று வாரமும் தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, உங்கள் அத்தை பார்ப்பதற்கு முன்னால், ஜன்னல் பக்கம் போய் நின்று கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடவில்லை என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் நம்பப் பயமாக இருந்தது. நம் பெண்ணிடம், அப்பாவின் கை நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அதை மட்டும் சொல்லுங்கள். மீதியைச் சொல்ல வேண்டாம்.

இந்தக் கடைசி நாலு வரி கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். உங்கள் அத்தை மேஜையைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிரித்து முடிக்கவில்லை.